ஏவலும் கூற்றும்: சிலம்பப் பயிற்சியில் உடலியக்கமும் உள்ளாற்றலும் – ஜெராம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தற்காப்புக் கலைகள் குறித்துத் தமிழில் வெளிவரும் நூல்களும் கட்டுரைகளும் இருவகை விளக்கங்களைத் தருகின்றன. ஒன்று உடலியக்க விளக்கம். கால் ஊன்றும் முறை, இடுப்பின் திருப்பம், எடையின் இடப்பெயர்ச்சி, கம்பின் நீளம், பிடியின் இடம் ஆகியவற்றைக் கொண்டு ஓர் அடியின் வலுவை இது விளக்கும். மற்றொன்று உள்ளாற்றல் விளக்கம். மூச்சு, வாசி, பிராணன், குண்டலினி, சீனர் கூறும் 'சி' முதலியவற்றைக் கொண்டு அதே வலுவை இது விளக்கும். முன்னதை ஏற்போர் பின்னதை மூடநம்பிக்கை என ஒதுக்குகின்றனர். பின்னதை ஏற்போர் முன்னதைக் கலையின் உயிரறியாத மேற்கத்தியப் பார்வை எனக் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

இவ்விரு தரப்பும் பொதுவாகக் கொண்டுள்ள ஒரு பிழையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். உள்ளாற்றல் பற்றிய தொடர்களை இரு தரப்பினரும் உலகைப் பற்றிய செய்திகளாகவே கொள்கின்றனர். ஒருவர் அச்செய்தி மெய் என்கிறார். மற்றவர் பொய் என்கிறார். ஆனால் பயிற்சிக்களத்தில் அத்தொடர்கள் ஏவல்களாகவே பிறக்கின்றன. ஆசான் மாணவனுக்கு இடும் கட்டளைகளாக அவற்றைப் படிக்கும்போதுதான் அவற்றின் பயனும் வரம்பும் விளங்கும் என்பது நமது கருத்து. கோலாசிலாங்கூர் மாவட்டத்து ஜெராம் வட்டாரத்தில் நாம் கண்ட ஒரு பயிற்சியை அடிப்படையாகக் கொண்டு இக்கருத்து ஈண்டு ஆராயப்படுகின்றது.

களம்

ஜெராம், கிள்ளானிலிருந்து கோலாசிலாங்கூர் செல்லும் கடலோரச் சாலையில் அமைந்துள்ள சிற்றூர். மேற்கே மீனவர் குடியிருப்புகளும் கிழக்கே தோட்டங்களும் உடையது. இம்மாவட்டம் நாட்டின் தோட்டத்துறை வரலாற்றில் தனி இடம் பெற்றதாகும். மலேசியாவின் முதல் வணிகமுறைச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் இம்மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் உருவானது. பிரெஞ்சுக்காரரான ஆன்றி போக்கோனியே அதனைத் தொடங்கினார். பெயரிலேயே தமிழைத் தாங்கிய தோட்டம் அது. இரப்பர் மரங்கள் இருந்த இடங்களைச் செம்பனை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் தோட்ட நிலங்களின் ஒரு பகுதி வீடமைப்புப் பகுதிகளாகவும் நகரங்களாகவும் மாறியது. லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூஞ்சாக் ஆலாம் எனப் பல திசைகளில் குடிபெயர்ந்தன.

சிலம்பம் இத்தோட்டங்களில் தனித்துறையாக வாழவில்லை. கோயில் திடலிலும் திருவிழாவிலும் இறுதி ஊர்வலத்திலும் அது வாழ்ந்தது. பகலில் உழைத்த உடலே மாலையில் கம்பு சுற்றியது. இவ்வுண்மை நம் ஆய்வுக்கு முதன்மையானது. உயர்ந்த செம்பனை மரத்தில் குலை வெட்டுபவர் நீண்ட கம்பின் நுனியில் பொருத்திய அரிவாளைக் கையின் வலுவால் மட்டும் இழுப்பதில்லை. அவ்வாறு இழுப்பவரின் தோள் விரைவில் சோர்ந்துவிடும். பாதத்தை ஊன்றி, முழங்காலை மடக்கி, உடலின் எடையைக் கீழே இறக்கி இழுக்கிறார். நீண்ட கம்பொன்றைக் காலாலும் இடுப்பாலும் இயக்கும் பழக்கம் அவருக்கு முன்பே உண்டு. சிலம்ப ஆசான் இத்தகைய உடல்களுக்குத்தான் பாடம் சொன்னார். ஆதலால் பல செய்திகளை அவர் சொல்லவேண்டிய தேவையே எழவில்லை. இன்று அலுவலகத்திலும் வகுப்பறையிலும் அமர்ந்திருக்கும் உடல்களுக்கு அதே பாடத்தைச் சொல்லும்போது, சொல்லப்படாமல் விடப்பட்ட பகுதி பெரிதாகிவிடுகின்றது. அவ்வெற்றிடத்தை நிரப்பவே 'உள்ளாற்றல்' என்னும் சொல் பெரும்பாலும் வந்து சேர்கின்றது.

ஜெராமுக்கு வடக்கே அமைந்த புக்கிட் ரோத்தான் என்னும் ஊர்ப்பெயர்க்குப் 'பிரம்பு மலை' என்பது பொருள். மூங்கிலோடு பிரம்பும் சிலம்பக் கம்பாகப் பயன்படுவது. தமிழகத்துக் கலையொன்று மலாய் மண்ணின் காட்டுப்பொருளைக் கைக்கொண்டு நிலைபெற்றது என்பதற்கு இப்பெயர் ஒரு நினைவுக்குறியாக நிற்கின்றது எனலாம்.

ஒரு மாலைப் பயிற்சி

ஜெராமுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றின் கோயில் திடலில் நடைபெற்ற பயிற்சியை நாம் நேரில் கண்டோம். பயிற்றுநர் இருவர். ஒருவர் நகரத்தில் வகுப்பு நடத்தும் இளைஞர். மற்றவர் செம்பனைத் தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற முதிய வாத்தியார். பதினைந்து அகவை மதிக்கத்தக்க மாணவன் ஒருவனின் வீச்சு தொய்வாக இருந்தது. கம்பு சுழன்றது; ஆனால் காற்றைக் கிழிக்கும் ஒலி எழவில்லை. இளைஞர் அவனிடம் உள்ளாற்றல் இன்னும் திறக்கவில்லை என்றும், நாள்தோறும் தியானம் செய்ய வேண்டும் என்றும் விளக்கினார். மாணவன் தலையசைத்தான். வீச்சில் மாற்றமில்லை.

சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார், "கையால அடிக்காதப்பா. பின்னங்காலு குதியத் திருப்பு" என்றார். மாணவன் குதிகாலைத் திருப்பினான். குதிகாலோடு இடுப்பும் திரும்பியது. மூன்றாம் வீச்சில் கம்பு ஒலித்தது.

இந்நிகழ்வை இத்துடன் நிறுத்தினால் உடலியக்க விளக்கம் வென்றது என முடிவுகட்டிவிடலாம். ஆனால் அதே வாத்தியார் சிறிது நேரத்தில் மற்றொரு மாணவியிடம் வேறுவகையாகப் பேசினார். அவளுடைய கால் சரியாகவே இருந்தது. தோள்தான் இறுகியிருந்தது. அவர் தோளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "மூச்சு கம்பு நுனி வரைக்கும் போகட்டும்மா" என்றார். அவள் மூச்சை விட்டாள். தோள் தளர்ந்தது, வீச்சு நீண்டது.

மூச்சு கம்பின் நுனிக்குச் செல்வதில்லை. இதனை அவரும் அறிவார். பயிற்சி முடிந்தபின் உள்ளாற்றல் பற்றி நாம் வினவியபோது, "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. கால் நின்னா மூச்சு நிக்கும். மூச்சு நின்னா கம்பு நிக்கும்" என்று சுருக்கமாக விடையளித்தார். ஒரு மாலையில் கண்ட இரு திருத்தங்களைக் கொண்டு பொதுவிதி வகுத்தல் பொருந்தாது. எனினும் ஒரே ஆசான் ஒரு மாணவனுக்கு எலும்பையும் மூட்டையும் சுட்டும் சொல்லையும், மற்றொரு மாணவிக்கு மூச்சைச் சுட்டும் சொல்லையும் தேர்ந்தெடுத்தமை கருத்தூன்றி நோக்கத்தக்கது.

கம்பின் இயக்கம்

முதல் திருத்தம் ஏன் பலித்தது என்பதை இயற்பியல் தெளிவாகவே விளக்குகின்றது. நிற்பவர் தரையைத் தள்ளுகிறார். தரை அவரை எதிர்த்துத் தள்ளுகின்றது. இவ்வெதிர்விசை பாதம், முழங்கால், இடுப்பு, முதுகு, தோள், முழங்கை, மணிக்கட்டு என்ற வரிசையில் மேலேறிக் கம்பை அடைகின்றது. பெரிய தசைகள் முதலில் இயங்கி, சிறிய உறுப்புகள் அடுத்தடுத்து இயங்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் வேகம் கூடுகின்றது. பின்னங்குதிகால் தரையோடு ஒட்டி நின்றால் இடுப்பு முழுமையாகத் திரும்ப இயலாது. சங்கிலி இடையிலேயே அறுந்துவிடும். எஞ்சியிருப்பது கைவலு மட்டுமே.

பிடியின் இடமும் இத்தகையதே. சீரான கம்பொன்றை முனையில் பிடித்துச் சுழற்றும்போது அதன் நிலைமத் திருப்புத்திறன், நடுவில் பிடித்துச் சுழற்றும்போது உள்ளதைப்போல் நான்கு மடங்காகும். நீளத்தில் கால்பங்கு உள்ளே தள்ளிப் பிடித்தால் அது முனைப்பிடியில் உள்ளதன் 44 விழுக்காடாகக் குறைகின்றது. முனைப்பிடி எட்டத்தைத் தரும். நடுப்பிடி விரைவான திசைமாற்றத்தைத் தரும். சிலம்பப் பாடங்களில் பிடி மாறிக்கொண்டே இருப்பதன் காரணம் இதுவே. கணக்கு அறியாத ஆசான்கள் இதனைக் கையால் அறிந்திருந்தனர்.

எதிராளியின் கம்பு நுனியைப் பார்க்காமல் அவருடைய கண்ணையும் தோளையும் பார்க்கவேண்டும் என்னும் மரபுவழிப் பாடத்தையும் இவ்வாறே ஆராயலாம். நொடிக்கு இருமுறை சுழலும் கம்பில், பிடியிலிருந்து 1.2 மீட்டர் தொலைவிலுள்ள நுனி நொடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்தில் செல்கின்றது. இது மணிக்கு 54 கிலோமீட்டருக்குச் சமம். கண்ணால் கண்டதற்கு உடல் வினையாற்ற ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். அதற்குள் நுனி மூன்று மீட்டர் கடந்துவிடும். நுனியைப் பார்ப்பவர் அடிவாங்கிய பின்னரே அசைவார். தோளோ முன்னதாகவே, மெதுவாக அசைகின்றது. இதனை ஒருவர் 'ஆறாம் அறிவைக் கடந்த உணர்வு' என வியந்துரைக்கலாம். ஆனால் எங்கே பார்ப்பது என்பதைப் பயின்றதன் விளைவே அவ்வுணர்வு.

சிலம்ப மரபின் சொற்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. காலடி, வீச்சு, வெட்டு, குத்து, தடுப்பு, பூட்டு ஆகியன யாவும் இயக்கத்தைக் குறிக்கும் சொற்கள். சிலம்ப வகைகளுள் ஒன்றன் பெயர் நிலைக்கலக்கி. எதிராளியின் நிலையைக் கலக்குவது என்பது அப்பெயர் தரும் பொருள். ஊன்றிய அடித்தளத்தைவிட்டு எடையின் மையத்தை வெளியேற்றினால் வலியவனும் வீழ்வான் என்னும் கருத்து இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளது. உடலியக்க அறிவு மேற்கிலிருந்து இரவல் பெறவேண்டிய ஒன்று என்று கூறுவோர் தம் கலையின் சொற்களையே கூர்ந்து நோக்காதவர் எனலாம்.

'உள்ளாற்றல்' என்னும் சொல்

இனி உள்ளாற்றல் என்னும் சொல்லை நோக்குவோம். மூச்சு, வளி, வாயு, வாசி என்பன தமிழ் மரபில் வேரூன்றிய சொற்கள். சித்த மருத்துவம் பிராணன், அபானன் தொடங்கித் தனஞ்செயன் ஈறாகப் பத்து வாயுக்களைக் கூறுகின்றது. வர்ம மரபு 12 படுவர்மங்களும் 96 தொடுவர்மங்களுமாக 108 வர்மங்களை எண்ணுகின்றது. சுசுருத சங்கிதை 107 மர்மங்களைக் கூறும். இம்மரபுகளுள் மூச்சு ஓர் இயக்கம். ஓரிடத்தில் தங்கும், ஓடும், தடைபடும். அது ஒரு 'சேமிப்பு' எனப் பேசப்படுவது குறைவு.

'உள்ளாற்றல்' என்பதோ பெரும்பாலும் மொழிபெயர்ப்பின் வழி வந்தது. சீனர்களின் 'சி' ஆங்கிலத்தில் ஆற்றலைக் குறிக்கும் சொல்லாக மாற்றப்பட்டது. அவ்வாங்கிலச் சொல் தமிழில் ஆற்றல் என்றாயிற்று. இயற்பியல் தமிழில் ஆற்றல், விசை, திறன் ஆகிய மூன்றும் வெவ்வேறு பொருள் உடையன. இருமுறை மொழிபெயர்க்கப்பட்ட சொல் பள்ளி அறிவியல் பாடத்தின் சொல்லோடு வந்து மோதும்போது, அளக்கத்தக்க ஒன்றைப் பேசுகிறோம் என்னும் மயக்கம் பிறக்கின்றது. வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வில் ஈடுபட்டிருந்த காலத்தில் நாமும் குறிப்பேட்டில் 'சி' வந்த இடங்களிலெல்லாம் ஆற்றல் என்றே எழுதிவந்தோம். அதன் விளைவை அன்று உணரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

சீனாவிலும் 'அகம்', 'புறம்' என்னும் பாகுபாடு தொடக்கத்திலேயே உடலைப் பற்றியதாக இருந்ததா என்பது ஐயத்திற்குரியது. அகப்பள்ளி, புறப்பள்ளி என்னும் வேறுபாட்டைக் காட்டும் பழைய சான்றாக, 1669இல் ஹுவாங் சோங்சி என்னும் அறிஞர் வாங் செங்நான் என்னும் வீரருக்கு எழுதிய கல்லறைக் குறிப்பு கருதப்படுகின்றது. அது மஞ்சு ஆட்சி நிலைபெற்றுவந்த காலம். ஹுவாங் அவ்வாட்சியை ஏற்காதவர். ஆகவே அகம் என்பது நாட்டுக்கு அகத்தே தோன்றியது, புறம் என்பது புறத்திலிருந்து வந்தது என்னும் அரசியல் பொருளும் அதில் உண்டு என ஆய்வாளர் சிலர் கருதுவர். மலாய் சீலாட் மரபிலும் அக ஆற்றலைக் குறிக்கும் 'தெனாகா டாலாம்' என்னும் தொடர் உண்டு. அடிவைப்பைக் குறிக்கும் சொல்லும் அங்கே உண்டு. அது நம் காலடிக்கு நேரானது. 2019இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற சீலாட்டிலும் இவ்விரு மொழிகளும் அருகருகே வாழ்கின்றன. உள்ளாற்றல் பற்றிய பேச்சு எந்த ஓர் இனத்துக்கும் தனியுடைமையன்று என்பது இதனால் பெறப்படும்.

ஏவலும் கூற்றும்

ஏவல் வினைக்கும் செய்தித் தொடருக்கும் உள்ள வேறுபாடு தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. 'குழந்தை உறங்குகின்றது' என்பது மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும். 'உறங்கு' என்பது மெய்யுமன்று, பொய்யுமன்று. அது நிறைவேறும் அல்லது நிறைவேறாது. பயன் தரும் அல்லது தராது. அதனைச் சோதிக்கும் முறையே வேறு.

"மூச்சு கம்பு நுனி வரைக்கும் போகட்டும்" என்பது ஏவலின் இனத்தைச் சேர்ந்தது. அது நுரையீரலைப் பற்றிய செய்தியன்று. மாணவியின் கவனத்தை இறுகிய தோளிலிருந்து விலக்கி, கம்பின் நுனியில் நிறுத்தும் கட்டளை அது. தோளைத் தளர்த்து என்று நேராகச் சொல்லியிருந்தால் அவள் தோளையே எண்ணி மேலும் இறுக்கியிருக்கக்கூடும். இயக்கக் கற்றல் துறையில் கபிரியேலே வுல்ப் என்பவரும் அவரைப் பின்பற்றியோரும் 1990களின் இறுதி முதல் செய்துவந்துள்ள ஆய்வுகள் இதனோடு இயைகின்றன. தன் உடலுறுப்பின்மீது கவனம் வைப்பவரைவிட, இயக்கத்தால் வெளியே நிகழும் விளைவின்மீது கவனம் வைப்பவர் பெரும்பாலும் சிறப்பாகச் செயல்படுகின்றனர் என்பது அவ்வாய்வுகளின் சாரம். வாத்தியாரின் சொல் இதனையே செய்தது.

மூச்சைப் பற்றிய ஏவல்களுக்கு வேறு பயன்களும் உள. அடிக்கும் கணத்தில் மூச்சை விடும்போது வயிற்றுத் தசைகள் இறுகி உடற்பகுதி உறுதியடைகின்றது. இடுப்பிலிருந்து வரும் விசை வழியில் சிதறுவதில்லை. மூச்சை மெதுவாக விடுதல் நெஞ்சுத் துடிப்பைத் தணிக்கின்றது. மூச்சை நெடுநேரம் அடக்கி வலுவை முனைந்து செலுத்தினால் குருதியழுத்தம் திடீரென உயரும். ஆகவே எம்மூச்சுப் பயிற்சியும் எல்லார்க்கும் நன்று என்று கூற இயலாது. ஏவல் பயன்தருமா என்பது யாருக்கு, எப்போது, எதற்காக இடப்படுகின்றது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் வாத்தியார் முதல் மாணவனிடம் மூச்சைப் பற்றிப் பேசவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது குதிகால்.

இளைஞரின் தொடரையும் இவ்வளவையிலேயே நோக்குவோம். உள்ளாற்றல் திறக்கவில்லை என்பது வடிவத்தில் செய்தித் தொடர். அதனைக் கேட்ட மாணவன் அடுத்த வீச்சில் எதை மாற்றவேண்டும் என்பதை அது கூறவில்லை. பல்லாண்டுகளுக்குப் பின்னும் வீச்சு தொய்வாகவே இருப்பின், ஆற்றல் இன்னும் திறக்கவில்லை என்றே அத்தொடர் மீண்டும் விடைதரும். எந்நிலையிலும் தோற்காத விளக்கம் எவரையும் திருத்தவும் உதவாது. அவ்விளைஞரைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. அவர் படித்த நூல்கள் அவருக்குக் கூற்றுகளைக் கொடுத்தன, ஏவல்களைக் கொடுக்கவில்லை.

கூற்றால் விளையும் தீங்கு

ஏவல் கூற்றாக உறையும்போது மூன்று தீங்குகள் விளைகின்றன. முதலாவது, வரலாறு திரிகின்றது. காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனர்க்குத் தற்காப்புக் கலையையும் உள்ளாற்றல் பயிற்சியையும் கற்பித்தார் என்னும் செய்தி தமிழரிடையே பரவலாக உள்ளது. 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' திரைப்படம் அதனை மேலும் பரப்பியது. இக்கதைக்கு அடிப்படையான 'யிச்சின் சிங்' என்னும் தசைநார்ப் பயிற்சி நூல் போதிதருமருக்கு ஏற்றிக் கூறப்படுவது. ஆனால் அது 1624ஆம் ஆண்டையொட்டித் தாவோ நெறியாளர் ஒருவரால் இயற்றப்பட்டது என்பதைச் சீன அறிஞர்கள் நெடுங்காலத்திற்கு முன்னரே உணர்ந்தனர். மேயிர் ஷாஹர் 2008இல் வெளியிட்ட ஷாவொலின் மடத்தைப் பற்றிய நூல் இதனை விரிவாக ஆராய்கின்றது. போதிதருமர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்திற்கும் அந்நூலுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. தமிழரின் கலைப்பெருமை இக்கதையைச் சார்ந்து நிற்கவேண்டியதில்லை. நிலைக்கலக்கி என்னும் ஒரு சொல்லே அதனினும் உறுதியான சான்றாகும்.

இரண்டாவது, சோதனையற்ற நம்பிக்கை வளர்கின்றது. அதே திரைப்படம் பார்வையாலேயே பிறரை ஆட்டுவிக்கும் 'நோக்கு வர்மம்' என்பதையும் காட்டியது. தொடாமலே வீழ்த்தும் ஆற்றல் தமக்குண்டு எனக் கூறிக்கொள்வோர் பல நாடுகளில் உளர். அவர்தம் மாணவர்கள் வீழ்கின்றனர், மாணவரல்லாதார் வீழ்வதில்லை. ஜப்பானில் 2006இல் யனாகி ரியூகென் என்பவர் அத்தகைய ஆற்றலோடு கலப்புப்போர் வீரர் ஒருவரை எதிர்கொண்டு அடிபட்டார். சீனாவில் 2017இல் தைச்சி ஆசான் ஒருவர் ஷு சியாவ்டோங் என்னும் வீரரிடம் சில நொடிகளிலேயே தோற்றார். இந்நிகழ்வுகள் தைச்சியின் மூச்சுப் பயிற்சி வீண் என்பதை நிறுவவில்லை. மாணவரின் ஒத்துழைப்போடு மட்டும் பயிலப்படும் ஏவல், ஒத்துழையாத எதிராளியின் முன் ஆற்றலாகிவிடாது என்பதையே நிறுவுகின்றன.

மூன்றாவது தீங்கே மிகக் கொடியது. பயிற்சியில் தலையில் அடிபட்ட இளைஞன் ஒருவனை, வர்மம் இளக்கினால் போதும் என மருத்துவமனைக்கு அனுப்பாமல் வைத்திருத்தல் உயிருக்கே கேடாக முடியலாம். வர்மங்கள் எனச் சுட்டப்படும் இடங்களுள் பல, நரம்பும் குருதிக்குழாயும் மூட்டும் மேலோட்டமாக அமைந்த இடங்களே. அவ்விடங்களில் தாக்காதே என்னும் ஏவல் மிகவும் மதிக்கத்தக்கது. அவ்விடத்தில் விரல் வைத்தால் மூளைக்குள் கசியும் குருதி நிற்கும் என்பது கூற்று. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும்.

மறுப்பும் விடையும்

இவ்வாறு பிரித்து நோக்குவது மரபைச் சிறுமைப்படுத்தும் எனச் சிலர் மறுக்கலாம். பிலிப் சாரில்லி 1976 முதல் திருவனந்தபுரத்தில் களரி பயின்று, 1998இல் வெளியிட்ட 'உடல் முழுதும் கண்ணாகும்போது' என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், களரி வீரர் தம் உடலை ஒரே பார்வையில் புரிந்துகொள்வதில்லை எனக் காட்டினார். ஆயுர்வேதம் கூறும் நீர்மங்களின் உடல், மர்மங்கள் தாங்கிய எலும்பும் தசையுமான உடல், யோகம் கூறும் நுண்ணுடல் ஆகிய மூன்றும் ஒரே பயிற்சியில் கலந்துள்ளன என்பது அவர் கருத்து. ரோமன் சீலர் 2015இல் வெளியிட்ட நூல், கன்னியாகுமரி மாவட்டத்து வர்ம ஆசான்களை ஆராய்ந்து, போரும் மருத்துவமும் அங்கே பிரிக்கவொண்ணாதவை என்பதையும், மறைபொருளாகக் காத்தல் அவ்வறிவின் இயல்பிலேயே கலந்தது என்பதையும் விளக்குகின்றது.

இவ்விரு நூல்களையும் நாம் மதிக்கிறோம். நுண்ணுடல் பற்றிய நம்பிக்கை ஆசானின் வாழ்வுக்கும் வழிபாட்டுக்கும் பொருள் தருவது. அதனை மறுப்பது திறனாய்வாளரின் பணியன்று. எனினும் இந்நூல்கள் பயில்வோர் என்ன நம்புகின்றனர் என்பதை நுட்பமாகக் கூறும் அளவிற்கு, எந்தச் சொல்லை எந்த மாணவனிடம் எப்போது பயன்படுத்தினர் என்பதைக் கூறவில்லை என்பது நமது மதிப்பீடு. மறைபொருள் எனப்படுவதன் பெரும்பகுதி இத்தகைய தேர்வில்தான் உள்ளது. சுவடியில் எழுதப்பட்டாலும் அது சுவடியில் இராது. மாணவனின் தோளைப் பார்க்கும் ஆசானின் கண்ணில் இருக்கும். உடலியக்க அறிவியலாலும் இதனை முழுமையாக ஈடுசெய்ய இயலாது. குதிகால் திரும்பவேண்டும் என்று அறிவியல் கூறும். அதனைத் திருப்பச் செய்யும் சொல்லைக் கண்டறிவது ஆசானின் கலை.

முடிவுரை

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. போட்டி வளருந்தோறும் விதிகளும் புள்ளிகளும் எழுத்தில் நிலைபெறும். தொன்மைக் கதைகளும் திரைப்படத்தால் நிலைபெறும். இவ்விரண்டிற்கும் இடையே நழுவிப்போகக்கூடியவை வாத்தியார்களின் ஏவல்களே. அவற்றை எழுதிவைப்போர் இலர். அவை பெரும்பாலும் இலக்கிய வழக்கில் இல்லை. தோட்டத்துப் பேச்சுவழக்கில் உள்ளன. எளிமையாக இருப்பதால் ஆய்வுக்குரியவை எனவும் கருதப்படுவதில்லை.

ஜெராமிலிருந்து நெடுந்தொலைவு செல்லாமலே பூஞ்சாக் ஆலாமை அடையலாம். அங்குள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் உடலியக்க மருத்துவம் கற்பிக்கப்படுகின்றது. மாலை வேளையில் கோயில் திடலில் கம்பு சுழல்கின்றது. ஒன்று மூட்டுகளின் இயக்கத்தை அளக்க வல்லது. மற்றொன்று அம்மூட்டுகளை இயங்கச் செய்யும் சொற்களை உடையது. இவ்விரண்டும் சந்திக்க வழிசெய்வது தமிழ்த்துறையினரின் கடமைகளுள் ஒன்று என்பது நமது கருத்து. ஆசான்கள் பயிற்சியில் கூறும் திருத்தங்களைச் சொல்லுக்குச் சொல், அவர்தம் பேச்சுவழக்கிலேயே பதிவுசெய்தல் வேண்டும். எத்தகைய பிழைக்கு எச்சொல் பயன்பட்டது, அதன்பின் உடல் எவ்வாறு மாறியது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அத்தொகுப்பு உருவானால், உள்ளாற்றல் உண்டா இல்லையா என்னும் வழக்கு தானே பின்னுக்குச் செல்லும். எந்தச் சொல் எவரை நிமிர்ந்து நிற்கச் செய்தது என்னும் வினா முன்னுக்கு வரும்.

நாம் கண்ட முதிய வாத்தியாருக்கு எழுபது அகவை கடந்துவிட்டது. அவருடைய திடலில் அன்று பயின்றவர் அறுவர். இப்பணிக்கு நம்மிடம் உள்ள காலம் மிகக் குறைவு.